புற்றில் நின்ற கால்

காசிக்குப் பட்டாளத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது அவனுடைய பாதம்தான். வேலூரில் ஆள் எடுத்த அன்று, வரிசையில் நின்ற பையன்களையெல்லாம் உள்ளங்காலைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். தட்டைப் பாதக்காரனுக்கு ஈரம் செங்கல் மாதிரி முழுசாகப் பதியும்; அவனுக்கு நாஷ்டா கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காசியின் ஈரம் நடுவில் அழகாக வளைந்து, விரல்கள் தனித்தனியாக, கோகுலாஷ்டமிக்கு வாசலில் வரைகிற குட்டிப் பாதம் போல விழுந்தது. பார்த்த டாக்டர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அந்த அச்சு காயும் வரைக்கும் அடுத்த பையனை அதன் மேல் ஏற விடவில்லையாம். இதெல்லாம் காசி சொன்னது. நம்பினால் நம்பலாம். ஆனால் ஓர் அரசாங்கம் தன் பாதத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான் என்று அவன் சொல்லும்போது சிரிப்பு வராது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை போடுகிற குடும்பம். அங்கே நிலக்கடலைக்கு அதுதான் பெயர். மூத்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, கடைசிப் பிள்ளை காசி பட்டாளத்துக்குப் போனான். பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதுமான எஞ்சினியர் பிரிவு. முதல் நீண்ட லீவில் வந்தபோது, வேங்கிக்காலில் ரேணுகாம்பாளைப் பேசி முடித்தார்கள். வீட்டுக்கு ஒரே பெண். ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் நிலம். வேங்கிக்கால் அப்போது கலெக்டர் ஆபீசும் காலனி வீடுகளும் வராத வயல்காடு. வட ஆற்காட்டுக்குக் கலெக்டர் வேலூரில் இருந்தார். இங்கே ஏரியில் நாரைதான் அதிகாரம் செய்தது.

கல்யாணமான கையோடு புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மலையைச் சுற்றப் புறப்பட்டார்கள். தீபத்துக்குத்தான் அப்போதெல்லாம் கூட்டம் வரும். மற்ற நாளில் அந்தப் பாதையில் சாமியார்களும் ஆடுகளும்தான். தார் போடாத மண் ரோடு, இரண்டு பக்கமும் புளிய மரம். வெறுங்காலோடு நடப்பதுதான் முறை. அஷ்ட லிங்கத்தில் ஒவ்வொரு லிங்கத்துக்கும் காசி ஒரு கதை கட்டினான். குபேர லிங்கத்தில் ஒரு காலத்தில் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றான். வாயு லிங்கத்தில் நின்று ஊதினால் பஞ்சாபில் கொடி ஆடும் என்றான். ரேணுகாம்பாள் சிரித்த சிரிப்பில் கும்பிட மறந்து இரண்டு லிங்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"சாமி கோச்சுக்கும்" என்றாள் அவள்.

"அடுத்த லீவுல வந்து சேத்துக் கும்புட்டுக்கலாம். ஓடியா போவப் போவுது மலை?" என்றான் அவன்.

மலை ஓடவில்லை. அடுத்த லீவுக்குள் யுத்தம் வந்தது. எழுபத்தொன்று டிசம்பரில் மேற்கு எல்லையில், கோதுமை முளைவிட்டிருந்த ஒரு வயலில், மற்றவர்கள் நடக்க வழி சுத்தம் செய்துகொண்டு போனவனின் இடது பாதம் போயிற்று. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம்.

ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் ஸ்டாண்டு எடுத்து உட்கார்ந்த காசி, போன காலுக்கு நூறு கதை வைத்திருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கங்கையில் முதலை கொண்டுபோனது என்பான். போலீஸ்காரரிடம் ஒரு ஜெனரலுக்கு இரவல் கொடுத்திருப்பதாகச் சொல்வான். சும்மா துருவுகிற ஆசாமிகளிடம், "பார்டர்ல காவலுக்கு ஆள் கம்மியாம். அதை மட்டும் அங்கயே டூட்டியில போட்டுட்டு வந்துட்டேன்" என்பான். சாயங்காலம் வீட்டில், ரேணுகாம்பாளிடம் மட்டும் ஒரு நிஜம் சொல்வான். "அரிக்குது ரேணு. சுண்டு விரலாண்ட." அவள் பாயில் உட்கார்ந்து, கால் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் பாயைச் சொறிந்துவிடுவாள். "இங்கயா?" "இன்னும் கொஞ்சம் கீழ." கொஞ்ச நேரத்தில் அரிப்பு நின்றுவிடும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

அரசாங்கம் அவனுக்கு ஒரு கால் கொடுத்திருந்தது. நல்ல கால்தான், வழவழப்பான மரம், தொடையில் கட்ட தோல் பட்டை, முட்டிக்கு இரும்புக் கீல். ஆனால் அதன் பாதம் பூட்ஸுக்கென்று செய்த பாதம். குதிகால் உயர்ந்த பூட்ஸ் மாட்டினால் நேராக நிற்கும். பூட்ஸைக் கழற்றினால் ஆள் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவான். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வருகிற ஊரில், சாமிக்கு முன்னால் வெறுங்காலோடு நிற்கிற ஊரில், உட்கார்ந்தபடியே எல்லாம் செய்கிற வீட்டில், காசி மட்டும் பூட்ஸோடு நின்றான். கோயிலுக்குப் போனால் ராஜகோபுரத்தடியில் காலைக் கழற்றிப் பூக்காரியிடம் கொடுத்துவிட்டுக் அக்குள் கட்டையை ஊன்றி உள்ளே போவான். மலை சுற்ற மட்டும் வழியில்லை. அவ்வளவு தூரம் கட்டையில் போக முடியாது. பூட்ஸில் போக மனம் வராது. வருஷா வருஷம் தீபத்துக்கு ரேணுகாம்பாள் தனியாகச் சுற்றிவிட்டு வருவாள். அவன் வாசலில் உட்கார்ந்து, அவள் கால் மண்ணைப் பார்த்தே பாதை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வான்.

அந்தக் காலைப் பராமரிக்கிற வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனி காண்டிராக்டு எடுத்திருந்தது. கால் இலவசம்; சத்தியமாக இலவசம். பட்டை, கீலுக்கு எண்ணெய், மிச்சக் காலின் முண்டில் மாட்டுகிற கம்பளி உறை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த பூட்ஸ், இதெல்லாம் விலைக்கு. வேறு கடை பூட்ஸ் போட்டால் குதிகால் உயரம் மாறி ஆள் குப்புற விழுவான். மரத்தை அப்படி இழைத்திருந்தார்கள். யுத்தத்தில் கால் இழந்தவர்களை வைத்து பூட்ஸ் வியாபாரம் செய்யலாம் என்று முதலில் யோசித்த மூளைக்கு ஒரு மாலை போடத்தான் வேண்டும். கம்பெனி வருஷா வருஷம் அனுப்பிய காலண்டரில் ஒரு சிப்பாய் சல்யூட் அடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இரண்டு காலும் இருக்கும்.

வேலூரில் ஒரு மாடியறையில் கம்பெனி ஆள் ராஜேந்திரன் உட்காருவான். ஆரணிப் பையன், கல்யாணமாகாதவன். முன்னாள் சிப்பாய்கள் பஸ் பிடித்துப் போய் அவனிடம் காலைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

"இன்னா காசி சார், காலு எப்படி இருக்குது?"

"காலு சொகமா இருக்குது. எனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. முண்டுல புண்ணு. பெரியாஸ்பத்திரி டாக்டரு, மரத்துல முண்டு நுழையற வாயை மாத்தினாத்தான் ஆறும்றாரு."

"வாயை மாத்த சாங்ஷன் இல்ல சார். உறையை ரெண்டாப் போட்டுக்குங்க. அப்பால, எடது பூட்ஸு தேஞ்சுபோச்சே."

"எடது மட்டும் குடுங்களேன்."

"ஜோடியாத்தான் வரும். ரூலு."

"அப்ப ஒண்ணு செய்ங்க. என் வலது காலையும் கம்பெனியே எடுத்துக்கினு ஜோடியா மரக்காலே குடுத்துடச் சொல்லுங்க. உங்களுக்கும் கணக்கு நேராப்பூடும்."

ராஜேந்திரன் கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் காலிலும் கம்பெனி பூட்ஸ்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே மாட்டிவிட்டார்களாம். நாள் முழுக்க மேஜைக்கடியில் ஒரு குதிகாலால் மறு குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருப்பான்.

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் காசியை மேடையில் ஏற்றி மாலை போடுவார்கள். ஏற்ற நாலு பேர் ஓடிவருவார்கள். இறங்கும்போது மைக் செட்டுக்காரர்தான் கை கொடுப்பார். எந்தக் கட்சி மேடை என்று கேட்க வேண்டாம். மேடைகளுக்குள் வித்தியாசம் படிக்கட்டின் உயரத்தில்தான்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போளூர் பரசுராமன் வந்தான். காசியோடு ஒரே பிரிவில் இருந்தவன். அவனுக்கும் இடது கால்தான் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலும் வெறுங்காலாக, தார் ரோட்டில் நடந்து வந்தான். காசி எழுந்திருக்க மறந்து அந்தப் பாதத்தையே பார்த்தான். மாநிறம். விரல், நகம் எல்லாம் அச்சில் வார்த்திருந்தது.

"ரப்பரு" என்றான் பரசுராமன். "ஜெய்ப்பூர்ல பண்றானுவோ. சேத்துல எறங்கலாம், குந்தலாம், தண்ணி ஊத்திக் கழுவலாம். பூட்ஸே வேணாம் காசி. தொட்டுப் பாரு."

காசி குனிந்து தொட்டான். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். தொட்ட கையை அவன் எடுக்கவில்லை.

"எனுக்குக் குடுப்பானா?"

"காசு பணம் ஒண்ணும் கேக்கலை. ஆனா ஒருத்தனுக்கு ஒரு காலுதான்னு சட்டமாம். பழைய காலு லாயக்கில்லைனு கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்தாத்தான் ரயில் பாஸு. எனுக்கு அதிர்ஷ்டம், மரக்காலு லாரிச் சக்கரத்துல மாட்டிக்கினு சுக்கல் சுக்கலாப் போச்சு. எழுதிக் குடுத்துட்டான்."

அன்று முதல் காசிக்குத் தன் மரக்காலைப் பார்த்தாலே எரிச்சல். அதற்கோ சாகிற எண்ணமே இல்லை. புளிய மரத்தின் மேலிருந்து போட்டுப் பார்த்தான். கீழே படுத்திருந்த நாய்தான் நொண்டியது. ஏரியில் ஊறப் போட்டான். மூன்றாம் நாள் மிதந்து கரைக்கு வந்தது. வேலூருக்குத் தூக்கிப் போனால், "ரிப்பேர் பண்ணிடலாம்" என்று ராஜேந்திரன் ஒரு சீட்டெழுதுவான், அதற்கு ஒரு பில் வரும். பூட்ஸ் விற்கிற காலைச் சாக விட எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

"கொளுத்திடட்டுமா?" என்றான் ரேணுகாம்பாளிடம்.

"கொளுத்தினா வேணும்னே பண்ணதுனு தெரிஞ்சுடும். அதுவா போனாப்புல இருக்கணும்" என்றாள் அவள். பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, "அரிசி மூட்டைக்கு அடியில போட்ட பலகை இன்னா ஆச்சு பாத்தீங்கல்ல? கறையான் ஒரு வாரத்துல மாவாக்கிடுச்சு" என்றாள். சொன்னவள் அவ்வளவோடு எழுந்து போய்விட்டாள். அதற்கு மேல் ஒரு பட்டாளத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் நிலத்து மூலையில் வேப்ப மரத்தடியில் ஆளுயரப் புற்று ஒன்று உண்டு. தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை வந்து பால் ஊற்றுவார்கள். ஒரு சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் காசி கட்டையை ஊன்றிக்கொண்டு அங்கே போனான். பூட்ஸையும் தோலையும் இரும்பையும் கழற்றிவிட்டான். சாமி இருக்கிற இடம் பாருங்கள். வெறும் மரத்தை மட்டும் புற்றுக்குள் முட்டிப்பக்கமாகச் செருகினான். பாதம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "அம்மா, அடுத்த வெள்ளிக்குள்ள ஒன் புள்ளைங்களைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லு" என்று கும்பிட்டான். பெண்கள் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்பது திட்டம். அதில் ஒரே ஓட்டை. நாலு நாள் முன்பு ஆடி பிறந்ததை அவன் மறந்துபோனான். ரேணுகாம்பாளும் எந்த யோசனையில் இருந்தாளோ, மறந்துபோனாள்.

ஆடி ஞாயிறு. விடிந்ததும் கூழ் குடத்தோடு தெருப் பெண்கள் எல்லோரும் புற்றடிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் ஜோதியம்மாள், பக்கத்து வீடு; எதையும் முதலில் பார்க்கிறவள். மண்ணிலிருந்து ஒரு பாதம் வானத்தைப் பார்த்து நிற்கக் கண்டு, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே காசியின் வீட்டுக்கு வந்தாள்.

"யப்பா காசி, உன் காலு எங்க?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த காசி அவள் முகத்தைப் பார்த்தான். ஆயிரம் கதை சொன்ன வாய். கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. "நேத்து கட்டிலுக்கு அடியில வெச்சேங்க்கா. காலைல பாத்தாக் காணோம். அதான் குந்திக்கினு கீறேன்."

ஜோதியம்மாளுக்கு மயிர்க்கூச்செடுத்தது. "காணாமப் போவலைப்பா. அம்மா எடுத்துக்கினா" என்றாள்.

உள்ளே ரேணுகாம்பாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாயிற்று. சாயங்காலம் வேப்பிலை மாலை. யுத்தத்தில் போன காலுக்குப் பதிலாக வந்த கால் அல்லவா, அதனால் அம்மன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று கதைக்கு ஜோதியம்மாளே கை கால் வைத்தாள். எல்லை காக்கிறவள் அம்மன், எல்லையில் போன கால், பொருத்தமாகத்தான் இருந்தது. கீழ்நாத்தூர், ஆடையூரிலிருந்தெல்லாம் ஜனம் வந்தது. பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற தாய்மார்கள் வந்து அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்தான் காசி. இனி இதைப் பொய் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

கால் போனவனுக்கு வருஷத்தில் இரண்டு மாலை. அவன் கழற்றிப் போட்ட காலுக்கு வெள்ளிக்கு வெள்ளி மாலை. ரேணுகாம்பாளும் தெருவோடு சேர்ந்து பால் ஊற்ற வேண்டியதாயிற்று.

"உங்க காலுக்கு நான் பண்ற பூசை, ஜில்லாவுல எந்தப் பொண்டாட்டியும் பண்ணியிருக்க மாட்டா" என்றாள்.

"கறையான் துன்னுதா பாத்தியா?"

"எங்க துன்னும்? மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிப் பூசிக் கல்லு மாதிரி வெச்சிருக்காளுவோ. நம்ம காலத்துக்கு அப்பாலயும் இருக்கும்."

காசி கட்டையோடு நின்றான். மரக்காலும் இல்லை, ரப்பர் காலும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு தடவை போய்வந்தால் அக்குள் வெந்து போகும். இன்னும் இரண்டு மாசத்தில் கார்த்திகை. இந்தத் தீபமும் ரேணுகாம்பாள் தனியாகத்தான் போவாள் என்று நினைத்தபோது, பொய்யில் மாட்டிக்கொண்ட வேடிக்கையெல்லாம் வடிந்துபோயிற்று. தன் வயசும் அவள் வயசும் ஏறிக்கொண்டே இருந்தன. இளம் வயசில் தாண்டிப்போன அந்த இரண்டு லிங்கத்தையும் யார் வந்து கும்பிடுவது?

சோதனைக்குக் காசி வராததைப் பார்த்து, கம்பெனி ராஜேந்திரனையே அனுப்பியது. பஸ்ஸை விட்டு இறங்கி, பை தூக்கிக்கொண்டு, ஏரிக்கரை வெயிலில் பூட்ஸ் சப்தத்தோடு வந்தான். அன்று வெள்ளிக்கிழமை வேறு.

"காலைக் காட்டுங்க சார்."

"அங்க நிக்குது பாருங்க" என்றான் காசி.

ராஜேந்திரன் புற்றைப் பார்த்து ஓரடி வைத்தான். ஜோதியம்மாள் குறுக்கே வந்தாள். "செருப்பைக் கழட்டுப்பா."

"இது பூட்ஸும்மா. கம்பெனி..."

"எந்தக் கம்பெனியா இருந்தா இன்னா? கழட்டு."

கழற்றினான். உறையையும் உருவினான். வெளுத்துப்போன இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. குதிகாலில் பழைய காய்ப்பு. புற்றருகே குந்திப் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தான்.

"தேய்ஞ்சது, உடைஞ்சது, திருடு போனது. மூணுல ஒண்ணுதான் எழுத முடியும் சார். தேயல. உடையல. திருடு போனதுனு எழுதட்டுமா?"

"யாரைத் திருடினு சொல்ற நீ?" என்று ஜோதியம்மாள் அமைதியாகக் கேட்டாள். பின்னால் நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

"இல்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. புடுங்கிக் குடுத்தீங்கன்னா..."

"புடுங்கு. உனுக்குத் தைரியம் இருந்தாப் புடுங்கு."

ராஜேந்திரன் மஞ்சள் பூசிய பாதத்தைப் பார்த்தான், பிடுங்கவில்லை. எழுந்து நின்றான். ஆடியில் பெய்த மழையெல்லாம் ஏரி குடித்துவிட்டு, மண் வறண்டு சுட்டுக்கொண்டிருந்த நாள். ஒரு காலை மாற்றி மறு காலை வைத்தான். காசி கட்டைமேல் சாய்ந்து அவனுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுந்துவதும், எடுப்பதும், விரல் மடங்கி மண்ணைப் பிடிப்பதும்.

"தம்பி" என்றான் காசி. அதுவரை அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "மண்ணு எப்படிக் கீது?"

"சுடுது சார்."

"ரெண்டு காலும் சுடுதா?"

"ரெண்டுந்தான்."

ராஜேந்திரன் வேப்ப நிழலுக்கு நகர்ந்தான். அங்கே நின்றபடியே பையை முட்டில் அணைத்துத் தாளில் எழுதினான். மூன்றில் எதையும் எழுதவில்லை. 'இக்கால் இனி இவருக்குப் பயன்படாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனி முத்திரையைக் குத்தினான். திரும்பிப் போகும்போது பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரை முனை வரைக்கும் வெறுங்காலோடுதான் போனான் என்று ஜோதியம்மாள் சொல்லுவாள்.

அவனைப் பிறகு வேலூர் மாடியறையில் யாரும் பார்க்கவில்லை. வேறு ஆள் வந்தான். கம்பெனி மட்டும் விடவில்லை. தன் பராமரிப்பிலுள்ள காலை ஒப்படைக்க வேண்டும் என்று, புற்றின் பொறுப்பாளர் அவர்களுக்கு என விலாசமிட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. தபால்காரர் யோசித்துப் பார்த்து அதை வேப்ப மரத்தில் ஆணியடித்துவிட்டுப் போனார். ஜோதியம்மாள் அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

ஐப்பசியில் காசி ஜெய்ப்பூர் போய்வந்தான். ரயிலில் போக வர நாளெல்லாம் போக, அங்கே காத்திருந்தது கொஞ்சம்தான். அளந்தார்கள், மாட்டினார்கள், நட என்றார்கள். சிமெண்டுத் தரையில் நடந்தான். வலியில்லை, சாய்வில்லை. ஆனால் இடது காலுக்குத் தரை தெரியவில்லை. புதுக் கால், அதுவும் சிமெண்டுத் தரை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ரயிலில் ராத்திரி பகலாக அதே நினைப்பு. சிமெண்டுக்கு என்ன தெரியும்? நம்ம ஊர் மண் பட்டால் தெரியும். மலையடி மண் பட்டால் கட்டாயம் தெரியும். வழியில் இறங்கின ஸ்டேஷன்களில் எல்லாம் அவன் செருப்புப் போட்டே நடந்தான், முதல் மண் நம் மண்ணாக இருக்கட்டும் என்று.

வீட்டிலும் அப்படியே. தீபம் வரைக்கும் அந்தக் காலை வாசலுக்கு அப்பால் செருப்பில்லாமல் வைக்கவில்லை. ரேணுகாம்பாளுக்குக் காரணம் புரிந்தது.

தீபத்தன்று மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் புறப்பட்டார்கள். கார்த்திகை மழை விட்டு, பாதை முழுக்க ஈரம். ஜனம் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. காசி வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலை எடுத்து வைத்தான். வலது கால் சேற்றின் குளிர்ச்சியைச் சொன்னது. அடுத்து இடது. அது ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் சொல்லும் என்று நடந்தான். இந்திர லிங்கம் போயிற்று, அக்னி லிங்கம் போயிற்று. வலது காலில் புல், கூழாங்கல், சாணி, குழி. இடது காலில் ஒன்றுமில்லை. எம லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், காட்டு வழி தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டான்.

"இன்னாங்க, வலிக்குதா?"

"வலிச்சாலும் தேவலையே ரேணு. ஒண்ணுமே இல்ல. காத்துல வெச்சு எடுக்கிற மாதிரி கீது." சிரிக்கப் பார்த்தான். "அந்தக் காலு பார்டர்லயே நின்னுபோச்சு போல. இத்தனை வருஷம் சும்மா சொல்லிக்கினு இருந்தேன். நெசந்தான்."

ரேணுகாம்பாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை; கீழே ரப்பர் பாதத்தைப் பார்த்தாள். சேறு அப்பி, நிஜக் கால் போலவே இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனுடைய இடது பக்கத்துக்கு வந்தாள். அரையடி முன்னால் நின்று, அவன் இடது கால் விழ வேண்டிய இடத்தில் தன் பாதத்தை வைத்தாள்.

"கல்லு" என்றாள். "சின்னது. வழவழன்னு கீது. வைங்க."

அவள் காலை எடுக்க, அவன் வைத்தான்.

"இங்க சேறு. ஜில்லுனு கீது. விரலு நடுவுல வருது."

வைத்தான்.

"இங்க எலை. புளிய எலை. காஞ்சது மேல, ஈரம் அடியில."

பின்னால் வந்தவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கால் வைத்து நடக்கிற பொம்பளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

"இங்க பட்டு விரிச்சிருக்காங்க."

"பொய்யி."

"பின்ன, நீங்க மட்டுந்தான் சொல்லணுமா?"

இப்படி நடந்தால் எப்போது போய்ச் சேருவது? நிருதி லிங்கம் வருவதற்குள் வெயில் சாய்ந்தது. வருண லிங்கத்தை அடையும்போது ஆறு மணி ஆகிவிட்டது. மேலே உச்சியில் ஒரு பொறி தெரிந்து, அது வளர்ந்து, தீபம் நின்று எரிந்தது. பாதை முழுக்க இருந்த ஜனம் ஒரே குரலில் அரோகரா என்றது. அத்தனை பேரும் அண்ணாந்து கைகூப்பினார்கள். ரேணுகாம்பாளும் மேலே பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமல், கீழே காலால் துழாவினாள்.

"மணலு" என்றாள். "மழையில நனைஞ்ச மணலு. கட்டை விரலு எறங்குது."

அவள் பாதத்தை எடுத்தாள். காசி இடது காலை அந்த இடத்தில் வைத்து, அது இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றான்.